முழங்கால் அளவுத் தண்ணீர்

கற்பூரத் தண்ணீரை யஹ்யா மூன்றாவது முறையாக வாப்பாவின் கையில் ஊற்றினான். குளிப்பாட்டுகிறவர் விரல்களைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது போவாது" என்றார். வாழைக்கறை. ஐம்பது வருடம் குலை வெட்டிய கை. நகத்துக்குள்ளும் ரேகைக்குள்ளும் கறுப்பாக ஏறி உட்கார்ந்திருந்தது. சோப்புக்கு அசையாதது கற்பூரத்துக்கு மட்டும் அசைந்துவிடுமா?

அசன் மைதீனுக்கு எழுபத்து மூன்று வயது. அதிகாலைத் தொழுகைக்கு கை கால் கழுவி ஒளுச் செய்யக் குழாயடியில் உட்கார்ந்தவர் எழவில்லை. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இரண்டு தடவை சொல்லியாயிற்று. போர்த்துகிற கபன் துணி வந்துவிட்டது, தூக்கிப் போகிற சந்தூக்கு வந்துவிட்டது. ஜனம்தான் வரவில்லை.

"இருவது பேரு தேறுமா?" என்று வெளியே பாக்கியசீலன் சார் யாரிடமோ கேட்டது உள்ளே கேட்டது. அவர் பாசன சங்கத் தலைவர். பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, அப்பா வைத்த வாழைத்தோட்டத்தைப் பார்க்க வந்தவர். பேசினால் பக்கத்து வயலுக்கும் கேட்கும்.

திரைக்குப் பின்னாலிருந்து உம்மா கேட்டாள். "ஓடைத்தெருவுல யாரும் வந்தாவளாடே?"

"வருவாவ உம்மா."

"ஒரு பொம்பள வரல. நான் அங்கன எத்தனை பேருக்குப் பிரசவம் பாத்திருக்கேன்."

வர மாட்டார்கள் என்று உம்மாவுக்கும் தெரியும். ஓடைத்தெருவில் முப்பது வீடு. எல்லாம் வள்ளத்தில் போய் நண்டும் இறாலும் பிடிக்கிற ஆட்கள். அதே ஊர், அதே பள்ளிவாசல், பாதிப் பேர் சொந்தமும்கூட. அவர்கள் வாசலை ஒட்டி ஓடுகிற நரியோடை நாலு கிலோமீட்டர் போய், புன்னக்காயலுக்குச் சற்று மேலே ஆற்றில் சேருகிறது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அதே ஓடை வழியாக வெள்ளம் திரும்பி ஏறி வாழையை மூழ்கடிக்கும். இரண்டு வருடம் அடுத்தடுத்து அப்படிப் போயிற்று. அதனால் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டுத் தர வேண்டும் என்று தோட்டக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். கரை போட்டால் வள்ளம் எப்படிப் போகும் என்று ஓடைத்தெரு கோர்ட்டுக்குப் போனது. வழக்கு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றது. நரியோடை படகு போகிற நீர்வழியா, வெறும் வடிகாலா?

வடிகால்தான் என்று கூண்டில் ஏறிச் சொன்னவர் அசன் மைதீன். மற்றவர்கள் வக்கீலை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றபோது, அவர்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனார். அவர் அதை நம்பவும் செய்தார். அதுதான் யஹ்யாவுக்குத் தாங்கவில்லை.

சந்தூக்கைத் தூக்கினார்கள். பள்ளிக்குப் போக ஓடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். கலிமாவைச் சொல்லிக்கொண்டு இருபது பேர் நடந்தார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. கரை வந்த பிறகு ஓடையில் இறக்க வழியில்லாமல் கிடக்கிறவை. அவற்றின் மேல் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மய்யித்துப் போகும்போது எதிரி வீட்டுக்காரன்கூட எழுந்து நிற்பான். ஒருவரும் எழவில்லை. ஒரு கிழவர் எழப்போனார். பக்கத்தில் இருந்தவன் அவர் தோளை அமுக்கி உட்கார வைத்தான்.

தெருமுனை வரை வந்த பிறகு ஒருவன் எழுந்தான். சல்மான் ஃபாரிஸ். இருபத்தாறு வயது. லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, இருபதடி தள்ளிப் பின்னாலேயே வந்தான். யஹ்யா திரும்பிப் பார்த்தான். பார்த்தவனுக்குத் தோளில் இருந்த சந்தூக்கு இரண்டு மடங்கு கனத்தது.

பள்ளியில் சந்தூக்கை முன்னால் இறக்கி வைத்தார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. வாரிசு எழுந்து நின்று, இறந்தவர் சார்பில் எல்லாரிடமும் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்க வேண்டும். மனிதனுக்கு மனிதன் செய்த குறையை அந்த மனிதன்தான் பொருந்த வேண்டும், படைத்தவன்கூட அதற்குக் குறுக்கே வரமாட்டான் என்று ஆலிம்சா வெள்ளிக்கிழமைதோறும் சொல்லுவார். பொதுவாக இது அரை நிமிட வேலை. கேட்கிறவன் முணுமுணுப்பான், கூட்டம் முணுமுணுக்கும்.

யஹ்யா எழுந்தான். "எங்க வாப்பா பேச்சாலயோ செயலாலயோ யாருக்காவது ஏதும் தீங்கு செஞ்சிருந்தா, அல்லாவுக்காவ பொருந்திக்கிடுங்க."

"பொருந்திட்டோம்" என்றது முன்வரிசை.

"எனக்குப் பொருத்தம் இல்ல."

சல்மான் ஃபாரிஸ் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றான். கத்தவில்லை. விலை கட்டாத மீனைத் திருப்பிக் கொடுக்கிறவன் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னான்.

"மய்யித்த முன்னால வச்சுக்கிட்டு என்ன பேச்சு தம்பி இது" என்றார் ஆலிம்சா.

"பின்ன எப்பம் பேச? அடக்கின பொறவு யார்கிட்ட சொல்ல? நீங்க கேட்டிய, நான் சொல்லுதேன். பொருந்தலன்னு சொல்லவும் எனக்கு உரிமை இருக்குல்லா?"

ஆலிம்சாவுக்குத் தெரியும். இருக்கிறது என்பதுதான் பதில்.

"கோர்ட்டு கமிஷனர் வந்த அண்ணைக்கு ஷட்டர அடைச்சு ஓடையில தண்ணிய இல்லாம ஆக்கினாவ" என்றான் சல்மான். "முழங்காலுக்குக் கீழ தண்ணின்னு எழுத வச்சாவ. அத வச்சுக் கரை போட்டாவ. ரெண்டு வருசத்துக்கு முந்தின மார்கழி வெள்ளத்துல எங்க வள்ளம் பூரா அப்பம் கரைக்கு அந்தப் பக்கம். எங்க தெரு இந்தப் பக்கம். எங்க உம்மாவ நாக்காலியில வச்சுக் கழுத்தளவு தண்ணியில தூக்கிட்டுப் போனேன். கரையில ஏத்தினேன். அங்கனயே மவுத்தாயிட்டா. நான் பொருந்த மாட்டேன் ஆலிம்சா. மறுமையில நின்னு கேட்டுக்கிடுதேன்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆலிம்சா தாடியைத் தடவிவிட்டு, "வாரிசு தம்பி, நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. பத்து நிமிசம் பாக்குதேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

யஹ்யா வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நின்றான். வாசலுக்கு வெளியே செருப்புகளுக்கு நடுவே பாக்கியசீலன் சார் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது அவருக்கு.

"இங்கன வாரும் வே." அவன் போனான். அவர் வழக்கத்துக்கு மாறாகக் குரலைத் தாழ்த்தினார். "நீரு வாயத் திறக்கப்படாது. அடுத்த மாசம் அப்பீல் வருது. அந்தப் பய அதுக்குத்தான் வந்திருக்கான். பின்னால ஒருத்தன் போன்ல படம் எடுத்துக்கிட்டு நிக்கான், பாத்தீரா?"

"வாப்பா பேரு கெட்டுப்போச்சே சார்."

"உம்ம வாப்பா நல்ல மனுசன். ஆண்டவனுக்குத் தெரியும். மனுசனுக்கு எதுக்குத் தெரியணும்? செத்தவருக்குக் கேஸு கிடையாது. இருக்கவனுக்குத்தான் கேஸு. நூத்தி நாப்பது ஏக்கர் வாழை இருக்கு, மறந்துராதையும். அதுல நாலு ஏக்கர் உம்மது."

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே குரலில்தான் அவர் சொன்னார். கோர்ட்டு அனுப்பும் வக்கீல் கமிஷனர் செவ்வாய்க்கிழமை ஓடையைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், ஓடைக்குத் தண்ணீர் விடுகிற வாய்க்காலின் கடைசி ஷட்டர் ஒரு ராத்திரி அடைந்து கிடந்தால் நல்லது என்றார். அடை என்று சொல்லவில்லை. அடைந்து கிடந்தால் நல்லது என்றார். படித்தவர். மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கருக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சாவியைக் கேட்டதும், சக்கரத்தைச் சுற்றியதும் யஹ்யா. மறுநாள் கடல் வற்றுகிற நேரமும் சேர்ந்துகொண்டது. கமிஷனர் அளவுகோலை இறக்கினார். ஓரடி இரண்டங்குலம். படகு போகும் என்று காட்டுவதற்காக ஓடைத்தெருக்காரர்கள் வள்ளத்தைக் கொண்டுவந்தார்கள். அது சேற்றில் உட்கார்ந்தது. இருபது வயது சல்மான் இடுப்பு வரை சேற்றில் இறங்கித் தள்ளினான். கரையில் நின்ற தோட்டக்காரர்கள் சிரித்தார்கள். யஹ்யாவும் சிரித்தான்.

வாப்பா சிரிக்கவில்லை. கண்கலங்கினார். "பாத்தியாலே, நான் சொன்னது உண்மைன்னு அல்லாவே தண்ணிய இறக்கிக் காட்டிட்டான்" என்று அன்று வீட்டுக்கு வந்து நன்றித் தொழுகை இரண்டு ரக்அத் தொழுதார். மகன் அடைத்த ஷட்டருக்கு அவர் படைத்தவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் யஹ்யா சாவியைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வெள்ளத்துக்குப் பிறகு சல்மானின் உம்மா இறந்த வீட்டுக்கு வாப்பா போனார். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். ஷட்டர் விஷயத்தை அங்கேதான் முதலில் கேள்விப்பட்டார். வந்து யஹ்யாவிடம் கேட்டார். "லே, அண்ணைக்கு ஷட்டர யாரும் அடைச்சாவளா?" அடைக்கவில்லை வாப்பா, லஸ்கர் ரிப்பேருக்கு அடைத்திருப்பான் என்று இவன் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் இவன் முகத்தையே பார்த்தார். பிறகு சரி என்றார். அதற்கப்புறம் டீக்கடையில், பள்ளியில், பஸ்ஸில், கேட்டவர்களிடமெல்லாம் "நான் ஷட்டர் பக்கமே போவலவே" என்று சொல்லிப் பார்த்தார். சிரித்தார்கள். ஒரு கட்டத்தில் சொல்வதை விட்டுவிட்டார். இரண்டு வருடம் தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தெருவைக் கடந்து தொழப் போய் வந்தார். யஹ்யா உரக்கடையில் உட்கார்ந்து யூரியா விற்றுக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இதை நேற்று சொல்லியிருக்கலாம். நேற்று வாப்பா இருந்தார். ராத்திரி ரசம் சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

"என்ன, நான் சொல்லுதது வெளங்குதா?" என்றார் பாக்கியசீலன் சார்.

"வெளங்குது சார்."

"போயி, அவன் சின்னப்பய, விட்ருங்கன்னு ஆலிம்சாட்ட சொல்லும். தொழுகையை நடத்தச் சொல்லும்."

யஹ்யா உள்ளே போனான். சந்தூக்குக்குப் பக்கத்தில் போய் நின்றான். ஒருமுறை செருமிக்கொண்டான்.

"ஷட்டர அடைச்சது நான்."

முன்வரிசையில் இருந்த சாச்சா மகன், வாப்பாவின் தம்பி பிள்ளை, "லே, சும்மா இரி" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். யஹ்யா கையைத் தட்டிவிட்டான்.

"லஸ்கர்ட்ட சாவிய வாங்கி நான்தான் அடைச்சேன். வாப்பாவுக்குத் தெரியாது. பொறவு கேட்டாவ. பொய் சொன்னேன். அவிய உங்ககிட்ட சொன்னதெல்லாம் உண்மை. அவிய ஷட்டர் பக்கமே போவல."

தோட்டக்காரர்கள் பக்கமிருந்து ஒரு வசவு வந்தது, பள்ளிக்குள் வரக்கூடாத வார்த்தை. ஆலிம்சா கையை உயர்த்தி அடக்கினார்.

சல்மான் தூணைவிட்டு முன்னால் வந்தான். அடிக்கப் போகிறான் என்று இரண்டு பேர் குறுக்கே நின்றார்கள். அவன் அவர்களைத் தாண்டி யஹ்யாவைப் பார்த்தான்.

"இத கோர்ட்ல வந்து சொல்லுவீரா?"

"சொல்லுதேன்."

"நெசமாவா?"

"சொல்லுதேன்பா."

சல்மான் சந்தூக்கைப் பார்த்தான். அதன் மேல் போர்த்தியிருந்த பச்சைத் துணியை வெகுநேரம் பார்த்தான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. டீக்கடையில் அந்த மனிதர் சொல்லும்போது முதலில் சிரித்தவன் அவன்தான்.

"அசன் மைதீன் மாமாவுக்கு நான் பொருந்திட்டேன்" என்றான். "நான் பேசின பேச்சுக்கு அவியளும் எனக்குப் பொருந்திக்கிடட்டும்."

பிறகு யஹ்யா பக்கம் திரும்பினான்.

"உமக்கு இல்ல."

"வரிசை கட்டுங்க" என்றார் ஆலிம்சா அவசரமாக.

எழுந்து நின்றார்கள். தோளோடு தோள் சேர நிற்க வேண்டும் என்று ஆலிம்சா இரண்டு தடவை சொன்னார். யஹ்யாவுக்கு இடப்புறம் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. வலப்புறமும் கிடந்தது. அதை அடைக்க ஒருவரும் நகரவில்லை. அப்படியே தொழுகை நடந்து முடிந்தது.

போனில் எடுத்த படம் சந்தூக்குக்கு முன்னால் ஊரைச் சுற்றிவிட்டது. கபுர்ஸ்தானுக்குப் போகிற வழியிலேயே ஓடைத்தெருவிலிருந்து ஆட்கள் வந்து சேர ஆரம்பித்தார்கள். முதலில் அந்தக் கிழவர். பிறகு அவர் தோளை அமுக்கியவன். இருபது நாற்பதாகி, நூறைத் தாண்டியது. யார் தூக்குகிறார்கள் என்றே தெரியாமல் சந்தூக்கு தோள்மாறித் தோள்மாறிப் போயிற்று. யஹ்யா தோள் கொடுக்க முன்னால் போனபோது யாரோ முழங்கையால் அவனை விலக்கினார்கள். அவன் பின்னால் நடந்தான். அசன் மைதீனுக்கு வரவேண்டிய கூட்டம் இது. இரண்டு வருடம் தாமதமாக வந்தது. அதைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது.

ஆற்றோரத்துக் கபுர்ஸ்தான். தோண்டிப் போட்ட மண் கறுத்த வண்டலாக, ஈரமாக இருந்தது. ஆளுக்கு மூன்று பிடி அள்ளிப் போட்டார்கள். சல்மான் ஃபாரிஸ் குனிந்து நிதானமாக மூன்று பிடி போட்டுவிட்டு, உதடு அசைய ஏதோ ஓதினான். யஹ்யா போட்டபோது மண் விரலிடுக்கில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. குழாயடியில் கூட்டம் முண்டியதால் அவன் கை கழுவாமலேயே வாசலுக்குப் போனான்.

அடக்கம் முடிந்ததும் வாரிசு வாசலில் நிற்க வேண்டும். போகிறவர்கள் எல்லாரும் கை கொடுத்து ஸலாம் சொல்லிவிட்டுப் போவார்கள். யஹ்யா நின்றான். கையை நீட்டினான்.

தோட்டக்காரர்கள் முதலில் வந்தார்கள். சாச்சா மகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனான். பின்னால் வந்தவர் நின்று, "நாலு ஏக்கர் உனக்கு. எனக்கு ஒண்ணேமுக்கால்தான்லே இருக்கு. அதுவும் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓடைத்தெருக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். "நல்ல மனுசன்யா" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல அவனைச் சுற்றிப் போனார்கள். ஆலிம்சாவை யாரோ ஃபாத்திஹா ஓதக் கூப்பிட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் பாக்கியசீலன் சார் வேப்பமரத்து நிழலில் நின்று போனில் வக்கீலிடம் பேசிக்கொண்டிருந்தார். குரல் பழையபடி உரக்கவே இருந்தது. "ஒரு பைத்தியக்காரப் பய சார்" என்பது தெளிவாகக் கேட்டது.

கடைசி ஆள் போன பிறகுதான் யஹ்யா கையை மடக்கினான்.

வீட்டில் அஸீலா அடுக்களை வாசலில் போனும் கையுமாக நின்றாள். அவன் மனைவி. அவள் நகையும் சேர்த்துத்தான் அந்த நாலு ஏக்கரில் கிடந்தது. ஏறிட்டுப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பில் இருந்த பாத்திரத்தை டங்கென்று இறக்கி வைத்தாள்.

உம்மா பின்வாசலில் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். வெள்ளைச் சேலைக்கு மாறியிருந்தாள். முகம் காலையில் இருந்ததைவிடத் தெளிந்திருந்தது.

"ஓடைத்தெருவே தெரண்டு வந்துச்சாமே. நூறு பேருக்கு மேலயாம். இப்பந்தான் வந்து சொன்னாவ."

"ஆமா உம்மா."

"எல்லாரும் பொருந்திட்டாவளா?"

"வாப்பாவுக்கு எல்லாரும் பொருந்திட்டாவ."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவிய மனசுக்கு வராம இருப்பாவளா? கையக் காட்டு. ஊத்துதேன்."

அவன் இரண்டு கையையும் நீட்டினான். வலது உள்ளங்கையில் வண்டல் மண் காய்ந்து, யார் கையும் பட்டு ஓர் இடம்கூடத் தேயாமல், ரேகைரேகையாக வெடித்து அப்படியே இருந்தது. உம்மா அதைப் பார்த்தாள். சாய்த்த செம்பைச் சாய்த்தபடியே, தண்ணீர் விளிம்பு வரை வந்து நிற்க, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.